சாயம் போகும், உப்பு போகாது

ஒரு கிலோ பருத்திப் பனியன் துணிக்குக் கருநீலச் சாயம் ஏற்ற வேண்டும். சாயப்பட்டறையில் என்ன செய்வார்கள்? துணியை மெஷினில் போட்டு ஏழெட்டு லிட்டர் தண்ணீர் விடுவார்கள். கரைத்த சாயம் உள்ளே போகும். கூடவே உப்பு. அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 70 கிராம் உப்பு பிடிக்கும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. தண்ணீருக்குள் பருத்தி நூலும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை நூலின் பக்கம் நகர்த்துகிறது. பிறகு சோடா ஆஷ் போட்டதும் சாயம் நூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

அதோடு உப்பின் வேலை முடிந்தது. அது துணியில் தங்குவதில்லை. துணியை நாலைந்து தடவை அலசும்போது போட்ட அரைக் கிலோவும், நூலில் ஒட்டாமல் மிஞ்சிய சாயமும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். துணி கடைக்குப் போகிறது, காசு பட்டறைக்கு வருகிறது.

அந்த அரைக் கிலோ உப்பு எங்கே போகிறது?

ஒரு தொழில் தன்னைச் சுற்றியுள்ள மக்களுக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி போதும். பெரிய பெரிய சொற்களை விட்டுவிட்டு உப்பின் பின்னாலேயே நடந்து போவோம். அது நம்மைத் திருப்பூரிலிருந்து கரூர் வரைக்கும் கூட்டிப்போகும்.

நொய்யலுக்கு என்ன ஆனது?

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் பிறக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து, நொய்யல் என்ற பெயருள்ள ஊருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. ஆற்றின் நடுவழியில்தான் திருப்பூர் இருக்கிறது. பனியன் ஏற்றுமதி வளர வளர, சாயப்பட்டறைகளும் பிளீச்சிங் பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பெரும்பாலானவை ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் கூலிக்குச் சாயமேற்றிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகள்.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே 'தண்ணீரைத் திறக்காதீர்கள்' என்று கேட்கும் நிலை வந்தது. தண்ணீருக்காகப் போராடுவதே வழக்கமாக உள்ள ஒரு நாட்டில், வேண்டாம் என்று சொல்லவைத்த தண்ணீர் அது.

உப்பு நிலத்தை இரண்டு வழியில் கெடுக்கும். மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தாலும் பயிரின் வேரால் அதை இழுக்க முடியாது. உப்பில் உள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும், காற்றும் நீரும் உள்ளே இறங்காது. ஆற்றோடு நிற்காமல் கிணற்றுக்கும் உப்பு போய்ச் சேரும். கிணறு உப்பேறிவிட்டால் வீட்டுக்குக் குடிநீர் வாங்க வேண்டும், மாட்டுக்கும் வாங்க வேண்டும்.

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். சாயம் வாங்கிய செலவு, உப்பு வாங்கிய செலவு, விறகு, மின்சாரம், கூலி எல்லாம் பட்டறை நோட்டில் ஏறியது. கழிவுநீரின் செலவு மட்டும் அதில் ஏறவில்லை. அது இல்லாமல் போய்விடவும் இல்லை. கருகிய பயிராக, விலைக்கு வாங்கிய குடிநீராக, விற்றுவிட்ட மாடாக, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு விவசாயியின் நோட்டில் ஏறியது. அவர் அந்தப் பனியனை விற்கவும் இல்லை, போடவும் இல்லை. தொழில் சமூகத்துக்குச் செய்யும் கேட்டைச் சுருக்கிச் சொல்வதென்றால் இதுதான்: தன் செலவை அடுத்தவர் நோட்டில் எழுதுவது.

நிறம் எடுத்த சுத்திகரிப்பு

புகார்களும் வழக்குகளும் எழுந்தபோது பட்டறைகள் சும்மா இருந்துவிடவில்லை. 1990-களின் பிற்பகுதியில் பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. கழிவுநீரில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்தால் சாயம் திரண்டு சேறாக அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஆனால் உப்பு அப்படிப் படியாது. கரைந்தது கரைந்தபடியே தண்ணீரோடு போகும். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை டி.டி.எஸ். என்கிறோம். ஆற்றில் விடும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சாயப்பட்டறைத் தண்ணீரில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆக, கண்ணுக்குத் தெரிந்த சாயம் போனது, கண்ணுக்குத் தெரியாத உப்பு போகவில்லை. விவசாயியைக் கெடுத்ததோ அந்த இரண்டாவதுதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தொழில் தன்மேல் வரும் குற்றச்சாட்டுக்கு முதலில் சொல்லும் பதில் பெரும்பாலும் இந்த வகையாகவே இருக்கும். எது கண்ணில் படுகிறதோ அதைச் சரிசெய்வார்கள். எதிர்ப்பு கொஞ்சம் தணியும். உண்மையான கேடு அப்படியே இருக்கும். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் 'இருக்கிறது' என்ற பதில்தான் கிடைக்கும். அது எதை எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேட்க வேண்டும்.

கணக்கைக் கேட்ட நீதிமன்றம்

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். இதே நியாயத்தை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சட்டமாகச் சொன்னது. அது வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பற்றிய வழக்கு. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது தீர்ப்பு. விலை என்பதில் பாதிக்கப்பட்டவருக்குத் தரும் இழப்பீடும் அடங்கும், கெட்டுப்போன சூழலைச் சீர்செய்யும் செலவும் அடங்கும். அந்தத் தீர்ப்பின் விளைவாக, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது.

நொய்யல் விவசாயிகளும் அந்த ஆணையத்திடம் போனார்கள். 2004-ல் ஆணையம் 28,596 பேருக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. சராசரியாகப் பார்த்தால் ஆளுக்கு 9,000 ரூபாய்கூட வரவில்லை. ஒரு கிணற்றையோ ஒரு தென்னந்தோப்பையோ மீட்க அது காணாது. இருந்தாலும், விவசாயியின் நோட்டில் இருந்த செலவில் ஒரு சிறு பகுதியாவது பட்டறையின் நோட்டுக்கு முதல்முறையாக மாறியது.

அடுத்த மாற்றம் 2006 டிசம்பர் 22 அன்று வந்தது. சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையைப் பட்டறைகள் எட்ட வேண்டும் என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: 2007 ஜனவரி முதல் மார்ச் வரை லிட்டருக்கு 6 காசு, ஏப்ரல், மே மாதங்களில் 8 காசு, ஜூன், ஜூலையில் 10 காசு.

காசுக் கணக்கு சிறிதாகத் தோன்றலாம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு 6 காசு என்றால் தினம் 6,000 ரூபாய், 10 காசு என்றால் தினம் 10,000 ரூபாய். அதுவரை இலவசமாக இருந்த ஆறு அன்றிலிருந்து செலவுக் கணக்கில் ஏறியது. அறிவுரை சாதிக்காததை மீட்டர் சாதிக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனாலும் கெடு தவறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2009 அக்டோபர் 6 அன்று அங்கேயும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு வந்தது, மூன்று மாத அவகாசம் தரப்பட்டது. அதுவும் கடந்துபோன பின்பு, 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாய, பிளீச்சிங் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பட்டறை எப்படி மாறியது?

மூடிய பட்டறைகளைத் திறக்க ஒரே வழிதான் இருந்தது: உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிக்க வேண்டும். மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் நிலையத்தில் செய்து பார்த்த முறை மற்ற நிலையங்களுக்கு வழிகாட்டியது. அந்த முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் நுண்ணுயிர்த் தொட்டி. நூலிலிருந்து வந்த கரிமப் பொருள்களையும் சாயத்தில் ஒரு பங்கையும் நுண்ணுயிர்கள் சிதைக்கும். பிறகு வடிகட்டிகள். அடுத்தது வீட்டில் நாம் வைத்திருக்கும் அதே ஆர்.ஓ., ஆனால் ராட்சத அளவில். தண்ணீரின் பெரும்பகுதி நல்ல நீராகப் பிரிந்து மறுபடி சாயமேற்றவே பட்டறைக்குத் திரும்பும். மிஞ்சுவது கெட்டியான உப்புக் கரைசல். இதைத்தான் ரிஜெக்ட் என்பார்கள். வீட்டு ஆர்.ஓ. ரிஜெக்டைச் சாக்கடையில் விட்டுவிடுகிறோம். இங்கே அதற்கு வழியில்லை.

உப்பையே மாற்றியதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். முன்பு சாதாரண உப்பைப் போட்ட பல பட்டறைகள் சோடியம் சல்பேட் உப்புக்கு மாறின. குளிரவைத்தாலும் சாதாரண உப்பு ஏறக்குறைய அதே அளவு கரைந்தே இருக்கும். சோடியம் சல்பேட் அப்படி இல்லை. கரைசலைக் குளிர்வித்தால் அதன் கரையும் அளவு சட்டென்று இறங்கி, படிகமாக வெளியே வந்துவிடும். பிரித்தெடுத்த படிகத்தை அடுத்த சாயத் தொட்டியில் போடலாம். நிறம் நீக்கிய உப்புக் கரைசலையே நேராகச் சாயமேற்றவும் பயன்படுத்தலாம். எஞ்சியதை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து ஆவியாக்கினால், ஆவி குளிர்ந்து நீராகும், உப்பு அடியில் தங்கும்.

தொழிலின் ஓரத்தில் ஒரு தொட்டியைக் கட்டிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி நடப்பது ஒரு வகை. இங்கே மூலப்பொருளே மாறியது, தொழில்முறை மாறியது, கழிவு என்று விட்டது சரக்காகத் திரும்பி வந்தது. ஒரு தொழில் உண்மையிலேயே மாறியதா என்று பார்க்க அதன் அறிக்கையைப் படிப்பதைவிட அதன் கொள்முதல் பட்டியலைப் பார்ப்பது நல்லது. வாங்கும் பொருள் மாறியிருந்தால் தொழில் மாறியிருக்கிறது.

விலை கொடுத்தது யார்?

இந்த மாற்றம் யாருக்கும் இலவசமாக வரவில்லை. மூடப்பட்ட மாதங்களில் சாயத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். மாசுக்கு முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்ல, ஆனால் கூலி முதலில் நின்றது அவர்களுக்குத்தான். சிறு பட்டறைகள் சில மீண்டும் திறக்கவே இல்லை. அனுமதியில்லாத பட்டறைகள் வேறு ஊர்களில் முளைப்பதும், அதிகாரிகள் மின்னிணைப்பைத் துண்டித்து இடிப்பதும் ஈரோடு, நாமக்கல் பக்கம் இன்றும் வரும் செய்தி. ஓர் ஆற்றுக்கு மட்டும் காவல் போட்டால் உப்பு அடுத்த ஆற்றைத் தேடிப் போகும்.

உப்பை ஆவியாக்க நிறைய மின்சாரமும் விறகும் வேண்டும். சுத்தமாகப் பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் கொட்டகைகளில் தேங்குகின்றன. சேற்றில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைக்குப் போகிறது. கலப்பு உப்புக்கு நல்ல தீர்வு இன்னும் தேவைப்படுகிறது. நொய்யலில் வீட்டுச் சாக்கடையும் கலக்கிறது என்பதால், பட்டறைகள் திருந்தியதோடு ஆறு மீண்டுவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கு நகராட்சிகளும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொருவரும் இந்தக் கணக்கில் இருக்கிறார். பனியனை வாங்கி விற்கும் வெளிநாட்டு பிராண்டு. 'கழிவு வெளியேறாத ஊரில் தயாரானது' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு விருப்பம் உண்டு. அந்தச் செலவைக் கொள்முதல் விலையில் ஏற்றித் தர அதே விருப்பம் இருக்க வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள், தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆலைக் கட்டடங்களைச் சோதிக்கவும், பழுது பார்க்கப் பணத்துக்கு வழிசெய்யவும் அந்த ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. வாங்குபவரும் பொறுப்பில் பங்கெடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆயிரம் உயிர் போகும்வரை அது வரவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இரண்டு சதவீதம் எதற்கு?

இந்த இடத்தில் பலர் சி.எஸ்.ஆர். பற்றிக் கேட்பார்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு அது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பிரிவு 135, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு கம்பெனியின் நிகர மதிப்பு குறைந்தது 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ இருந்தால், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 10 கோடி என்றால் ஆண்டுக்கு 20 லட்சம். பள்ளிக்கூடக் கழிப்பறை, மருத்துவ முகாம், குளம் தூர்வாருதல் என்று பல நல்ல வேலைகள் இந்தப் பணத்தில் நடக்கின்றன.

ஆனால் இந்தச் சட்டம் நொய்யலைக் காப்பாற்றியிருக்குமா? காப்பாற்றியிருக்காது. முதலாவது, ஜாப் ஒர்க் பட்டறைகள் பலவும் தனி உரிமையாகவோ கூட்டாளிகள் சேர்ந்தோ நடத்துபவை. இந்தச் சட்டம் கம்பெனிகளுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாவது, சொந்தத் தொழிலின் வழக்கமான நடவடிக்கைக்குச் செய்யும் செலவை இந்த இரண்டு சதவீதத்தில் காட்ட முடியாது. தன் கழிவைச் சுத்தம் செய்வது தர்மம் இல்லை, தொழில் செலவு. சட்டம் இதைப் பிரித்து வைத்திருப்பது முற்றிலும் சரி.

சிக்கல் நம் பார்வையில் இருக்கிறது. இரண்டு சதவீதத்தைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடுகிறார்கள், நாமும் கைதட்டுகிறோம். மீதி 98 சதவீதம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று கேட்பதில்லை. மேல்மடையில் கிணற்றைக் கெடுத்துவிட்டுக் கீழ்மடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவரை ஊர் வள்ளல் என்று சொல்லக் கூடாது.

இந்த 98 சதவீதத்தைப் பற்றியும் பேசவைக்கும் விதிகள் மெல்ல வருகின்றன. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் தண்ணீர், கழிவு, மின்சாரம், தொழிலாளர் நிலை ஆகியவற்றை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அறிக்கைகள் இணையத்தில் யாரும் படிக்கக் கிடைக்கும். படிப்பவர்கள் பெருகினால் எழுதுபவர்களும் கவனமாக எழுதுவார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

ஒரு நிறுவனம் 'சமூகத்துக்காக உழைக்கிறோம்' என்று சொன்னால், ஐந்து கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இந்தத் தொழிலில் உள்ளே போகும் பொருள் என்ன, அதில் சரக்காக மாறாமல் வெளியே வருவது எவ்வளவு, அது எங்கே போகிறது?

2. பாதிக்கப்பட்டவர்கள் யார்? அவர்கள் சொல்லும் குறையைத்தான் தீர்த்திருக்கிறார்களா, கண்ணில் படும் குறையை மட்டுமா?

3. அளப்பது யார்? நிறுவனமே அளந்து நிறுவனமே அறிவிக்கிறதா, வெளியாள் வந்து அளக்கிறாரா?

4. தொழில் செய்யும் முறையில், வாங்கும் பொருளில், கொடுக்கும் விலையில் ஏதாவது மாறியதா?

5. திருத்தத்தின் செலவு யார் தலையில் விழுந்தது? முதலாளியா, வாங்கும் பிராண்டா, கூலித் தொழிலாளியா?

இவற்றைக் கேட்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நொய்யல் கரையின் விவசாயிகள் வேதியியல் படித்தவர்கள் அல்ல. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார்கள், கரித்தது. ஏன் கரிக்கிறது என்று கேட்டார்கள். பதில் வரும்வரை கேட்பதை நிறுத்தவில்லை. இன்று திருப்பூர் தன் உப்பைத் தானே எடுத்து மறுபடி தன் தொட்டியிலேயே போடுகிறது என்றால், அதற்கு முதல் காரணம் அந்தக் கேள்விதான்.

உங்கள் ஊரிலும் ஏதோ ஒரு ஆலை இருக்கும், ஒரு பட்டறை இருக்கும், ஒரு குவாரி இருக்கும். அது கட்டிக்கொடுத்த வகுப்பறையை வாழ்த்துங்கள். கூடவே, அதன் கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள்.